எட்டு மாதப் பாப்பாவுக்கு மாறுகண்ணா, என் பிரமையா? கோத்தகிரியிலிருந்து கேட்கிறேன்

கோத்தகிரி_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பாப்பாவுக்கு இப்போது எட்டு மாதம். கொஞ்ச நாளாகவே அவளுடைய இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்குகிற மாதிரி எனக்குத் தெரிகிறது. எப்போதும் இல்லை, பக்கத்தில் ஏதாவது காட்டினால், தூக்கம் வரும் நேரத்தில், அப்புறம் முக்கியமாக போட்டோவில். நேரில் பார்த்தால் சரியாக இருக்கிறது, போனை எடுத்துப் பார்த்தால் திரும்பவும் சந்தேகம். மாமியாரிடம் சொன்னால் "பொண்ணுக்கு லேசா மாறுகண்ணு இருந்தா அதிர்ஷ்டம்டி, வளர வளர சரியாப் போயிடும்" என்கிறார். ஊசி போடப் போனபோது டாக்டரிடம் கேட்டேன், அன்றைக்கு இருந்த கூட்டத்தில் அவர் டார்ச்கூட அடித்துப் பார்க்காமல் ஒரு வயசு ஆகட்டும் என்று அனுப்பிவிட்டார்.

பொம்மையை எட்டிப் பிடிக்கிறாள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், தரையில் கிடக்கும் நூலைக்கூடப் பொறுக்கி வாயில் வைக்கப் போகிறாள். அதனால் பார்வை இருக்கிறது, சரி. ஆனால் ரெண்டு கண்ணிலும் இருக்கிறதா? வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? கோயம்புத்தூர் இறங்கிப் போனால் கைக்குழந்தையோடு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். வீட்டுக்காரர் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் லோடு ஓட்டுகிறவர், நினைத்த நாளில் லீவு போட முடியாது. மூத்தவன் மூன்றரை வயசு, அவனைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேட வேண்டும். (அவனுக்குக் கண்ணில் ஒன்றுமில்லை, எதிர்மலையில் மாடு மேய்ந்தால்கூடச் சொல்லிவிடுவான்.)

இன்னொன்று. வீட்டுக்காரருக்குச் சின்ன வயசிலிருந்தே வலது கண் மங்கல், கண்ணாடி போட்டும் தெளியவில்லை என்பார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, சொல்லி வைக்கிறேன்.

கட்டபெட்டு_கார்த்தி:

அக்கா, ரொம்பப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எங்கள் அக்கா பையனுக்கும் ஒரு வயசில் இப்படித்தான் கண் ஒரு பக்கமாக இருக்கும், வீட்டில் எல்லோரும் கேலி செய்வோம், இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறான், கிரிக்கெட்டில் அவன்தான் ஓப்பனிங். மூக்கு எழும்ப எழும்ப எல்லாம் சரியாகிவிடும். தினமும் கேரட் மசித்துக் கொடுங்கள், உங்கள் வீட்டில் இல்லாத கேரட்டா!

கூடலூர்_லென்ஸ்:

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையையும் பவரையும் பரிசோதிக்கிறவன், சொந்த ஊர் கூடலூர், வேலை கோவையில். தினமும் குழந்தைகளைப் பார்க்கிற பிரிவில்தான் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கார்த்தி சொல்வதில் பாதி உண்மை. கைக்குழந்தைகளுக்கு மூக்குத் தண்டு தட்டையாக இருக்கும், கண்ணின் உள் மூலையில் தோல் மடிப்பு வெள்ளை விழியைக் கொஞ்சம் மறைக்கும், அதனால் கண் உள்ளே போன மாதிரி ஒரு தோற்றம் வரும். இதைப் பொய் மாறுகண் என்போம். வீட்டில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாப்பாவை மடியில் நேராக உட்கார வைத்து, ஒரு கை தூரத்திலிருந்து பிளாஷ் போட்டு, நேருக்கு நேராக ஒரு போட்டோ எடுங்கள். பக்கவாட்டில் எடுத்தது உதவாது. பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு கண்மணியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி, அதாவது பிளாஷின் பிம்பம் தெரியும். இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் பெரும்பாலும் தோல் மடிப்புதான். ஒன்றில் நடுவிலும் மற்றதில் ஓரமாகவும் இருந்தால் அது உண்மையான மாறுகண். ஆனால் விட்டு விட்டு வருகிற மாறுகண் நீங்கள் போட்டோ எடுக்கும் நொடியில் நல்ல பிள்ளையாக நேராக நிற்கும், அதனால் புள்ளி சரியாக இருக்கிறது என்று மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

வயசும் முக்கியம். முதல் மூன்று நான்கு மாதம் கண் எப்போதாவது இங்கே அங்கே ஒதுங்கினால் அது இயல்பு. ஒரு கண் எந்நேரமும் ஒதுங்கியே இருந்தால் எந்த வயசிலும் இயல்பு கிடையாது. நான்கு மாதம் தாண்டி விட்டு விட்டு வந்தாலும் காட்ட வேண்டும். உங்கள் பாப்பாவுக்கு எட்டு மாதம் ஆகிறது, ஒரு வயசு வரை காத்திருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ரெண்டு கண்ணிலும் பார்வை இருக்கிறதா என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. பாப்பா வயிறு நிறைந்து நல்ல மனநிலையில் இருக்கும்போது, பிடித்த பொம்மையை முன்னால் ஆட்டிக்கொண்டே, முகத்தைத் தொடாமல் ஒரு கண்ணை உள்ளங்கையால் மறையுங்கள். அப்புறம் இன்னொன்றை. இரண்டுக்கும் ஒரே மாதிரி நடந்துகொண்டால், அதாவது இரண்டுக்கும் பேசாமல் இருந்தாலோ இரண்டுக்கும் கத்தினாலோ பரவாயில்லை. ஒரு கண்ணை மறைத்தால் விளையாடிக்கொண்டே இருக்கிறாள், மற்றதை மறைத்தால் மட்டும் ஒவ்வொரு தடவையும் சிணுங்கிக் கையைத் தட்டிவிடுகிறாள் என்றால், நீங்கள் மறைத்தது நல்ல கண், திறந்திருப்பது பலவீனமான கண்.

நாள் தள்ளவே கூடாத சிலது உண்டு. கண்மணிக்குள் வெள்ளையாகத் தெரிவது, போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மின்னுவது. கோணம் தப்பினால் நல்ல கண்ணிலும் எப்போதாவது ஒரு படத்தில் வெள்ளை விழும், ஆனால் திரும்பத் திரும்ப விழுந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். பிறவிப் புரையாக இருக்கலாம், அதைவிட அரிதாக விழித்திரையில் வருகிற புற்றுநோயாகவும் இருக்கலாம், அது பெரும்பாலும் ஐந்து வயசுக்குள் வருவது, சீக்கிரம் பிடித்தால் உயிரையும் பல சமயம் கண்ணையும் காப்பாற்றலாம். இப்போதைய போன்கள் சிவப்புக் கண்ணைத் தானாகவே அழித்துவிடுகின்றன, அந்த செட்டிங்கை அணைத்துவிட்டு எடுங்கள். அப்புறம், கருவிழி பெரிதாக, லேசாகப் புகை படிந்த மாதிரி, வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணீர் விடுகிற குழந்தை. "எவ்வளவு பெரிய கண்ணு" என்று ஊரே மெச்சும், திருஷ்டி சுற்றிப் போடுவார்கள், உள்ளே கண் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். நம் ஊர் மூட்டத்தில் வெளிச்சக் கூச்சம் சட்டென்று வெளியே தெரியாது, வெயில் அடிக்கிற நாளில் வாசலுக்குத் தூக்கி வந்து பாருங்கள். கண் ஓயாமல் ஆடிக்கொண்டே இருப்பதும், மூன்று மாதம் ஆகியும் அம்மா முகத்தையே பார்க்காததும் இதே அவசரக் கணக்குதான்.

வெறும் கண்ணீரும் பீளையும் மட்டும் என்றால் பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்பு. மூக்கோரம் அழுத்தித் தடவச் சொல்லிக் கொடுப்பார்கள், ஒரு வயசுக்குள் அநேகமாகத் திறந்துவிடும்.

வீட்டுக்காரர் விஷயம் கட்டாயம் சம்பந்தம் உண்டு. கண்ணாடி போட்டும் தெளியாத கண் என்றால் சோம்பேறிக் கண்ணாக இருக்க நிறைய வாய்ப்பு. சின்ன வயசில் ஒரு கண்ணில் பவர் அதிகமாக இருந்திருக்கும், மூளை அந்த மங்கல் படத்தை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கும். கண் பார்க்க அழகாக, நேராக இருக்கும், அதனால் யாருக்கும் தெரியாது. பவர் குடும்பத்தில் வரும். அதனால்தான் சொல்கிறேன், போகும்போது மூத்தவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாடு மேய்வதை ஒரே கண்ணால் பார்த்தும் சொல்லலாம்.

குழந்தை பேசத் தெரியாமல் எப்படி டெஸ்ட் செய்வார்கள் என்று கேட்பார்கள். கைக்குழந்தைக்குக் கோடு போட்ட அட்டை காட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிப்போம், மூன்று வயசுக்கு வீடு, ஆப்பிள் படம் போட்ட சார்ட். பவரை மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, ஒளியடித்தே அளந்துவிடலாம், அதற்குக் குழந்தை ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம்.

பர்லியார்_வளைவு:

குன்னூரிலிருந்து. எங்கள் பையன் 31 வாரத்தில் பிறந்தவன், கோவையில்தான் பிரசவம், ஐ.சி.யூவில் இருந்தபோதே கண் டாக்டர் வந்து விழித்திரையைப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அப்போதுதான் தெரியும், 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, பிறந்த ஒரு மாதத்துக்குள் விழித்திரை பார்த்தே ஆக வேண்டுமாம். ரொம்பச் சின்னதாகப் பிறந்ததென்றால் இன்னும் முன்னாலேயே, ரெண்டு மூன்று வாரத்தில். ரத்தக்குழாய் சரியாக வளராமல் தாறுமாறாகப் போனால் லேசர் வைப்பார்கள், அல்லது கண்ணுக்குள் ஊசி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, கண் பளிச்சென்று இருக்கும்.

நம் பக்கத்து ஆட்கள் கோட்டை விடுவது எங்கே என்றால், டிஸ்சார்ஜ் ஆகி மலை ஏறிய பிறகு. ஒரு தடவை பார்த்தது போதாது, விழித்திரை முழுசாக வளரும் வரை வாரம், ரெண்டு வாரம் என்று கூப்பிடுவார்கள். எங்களுக்கு ஐப்பசி மழை நேரம், மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து, வண்டியெல்லாம் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டார்கள். அன்றைக்குப் போகாமல் விட்டுவிடலாமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். என் மனைவி ஒரே பிடியாக நின்றாள், சுற்றிக்கொண்டு போனோம். லேசர் தேவைப்படவில்லை. ஆனாலும் குறைமாதக் குழந்தைகளுக்குப் பின்னால் பவரும் மாறுகண்ணும் வர வாய்ப்பு கூடுதல் என்று வருஷா வருஷம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது மைனஸ் பவர் கண்ணாடி போட்டிருக்கிறான்.

அக்கா, உங்கள் பாப்பா நிறைமாதமா, குறைமாதமா? அதைச் சொல்லவில்லையே.

கோத்தகிரி_அம்மா:

நிறைமாதம்தான், 2.9 கிலோ. எல்லோருக்கும் நன்றி. கண்ணை மறைத்துப் பார்த்தேன், ரெண்டுக்கும் ஒரே கத்தல்.

பண்ணைக்காடு_நர்ஸம்மா:

நான் நீலகிரி இல்லை, பழனிமலைப் பக்கம், பண்ணைக்காடு. கிராம சுகாதார செவிலியராக இருந்து ரிட்டயர் ஆனவள். எங்கள் ஆட்கள் மதுரைக்கோ தேனிக்கோ இறங்குவார்கள், உங்களுக்குக் கோவை, மற்றபடி கதை ஒன்றுதான்.

கோவை போவதற்கு முன்னால் ஒரு விஷயம். ஆர்.பி.எஸ்.கே. என்று குழந்தைகளைப் பரிசோதிக்கிற ஒரு அரசுத் திட்டம் 2013லிருந்து இருக்கிறது. டாக்டரோடு ஒரு வண்டி அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும், பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை. பிறவிப் புரை, குறைமாத விழித்திரை, பார்வைக் குறை எல்லாம் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலிலேயே இருக்கிறது. சந்தேகம் என்றால் மாவட்ட மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள், காசு கிடையாது. பிரச்சினை என்னவென்றால் வண்டி வருகிற அன்றைக்கு எஸ்டேட் லைனில் அம்மாக்கள் எல்லாம் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள், பிள்ளை பாட்டியிடம் இருக்கும், பாட்டி "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லி அனுப்பிவிடும். அங்கன்வாடி டீச்சரிடம் முன்கூட்டியே தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகத்தை ஒரு சீட்டில் எழுதிப் பிள்ளை கையோடு அனுப்பினாலும் போதும். உங்கள் பாப்பா விஷயத்தில் அந்த வண்டிக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை, லென்ஸ் தம்பி சொன்ன மாதிரி நேரே போங்கள். லைனில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

கேரட் பற்றி. கேரட் நல்லதுதான், வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், வெள்ளை விழியில் நுரை ஒட்டின மாதிரி திட்டு வரும், அதைத் தடுக்கும். அதற்காகத்தான் ஒன்பது மாதத்தில் அம்மைத் தடுப்பூசியோடு வைட்டமின் ஏ திரவம் கொடுக்க ஆரம்பித்து, ஐந்து வயசு வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கிறோம். உங்கள் பாப்பாவுக்கு அடுத்த மாதம் வரும், விட்டுவிடாதீர்கள். ஆனால் மாறுகண்ணையும் பவரையும் கேரட் ஒன்றும் செய்யாது. அப்படியிருந்தால் கேத்தி பள்ளத்தாக்கில் ஒருத்தர்கூடக் கண்ணாடி போட்டிருக்க மாட்டார்கள்.

கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, கண்ணுக்குள் மை இழுப்பது, மூன்றும் வேண்டாம். மை வைத்தே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால் கன்னத்தில் வைக்கச் சொல்லுங்கள், திருஷ்டிக்கு அது போதும்.

கட்டபெட்டு_கார்த்தி:

நர்ஸம்மா என் கேரட்டைக் கவிழ்த்துவிட்டார்கள், சரி. ஆனாலும் கேட்கிறேன், எட்டு மாதக் குழந்தைக்கு மருந்து விட்டு, கண்ணாடி மாட்டி, இதெல்லாம் அதிகம் இல்லையா? ஒருதரம் கண்ணாடி போட்டால் அப்புறம் கழற்றவே முடியாது, பவர் ஏறிக்கொண்டே போகும் என்பார்களே.

கூடலூர்_லென்ஸ்:

கண்ணாடியால் பவர் ஏறாது. குழந்தை வளரும்போது கண்ணும் வளர்கிறது, பவர் மாறுவது அதனால். தூரப்பார்வை பவர் அதிகமாக இருக்கிற குழந்தை, பக்கத்தில் பார்க்க முயற்சி எடுக்கும்போதுதான் கண் உள்ளே இழுத்துக்கொள்ளும், சரியான ப்ளஸ் கண்ணாடி மாட்டினால் ஆபரேஷன் இல்லாமலே கண் நேராகிவிடும். கைக்குழந்தைகளுக்கே கண்ணாடி கொடுக்கிறோம், ரப்பர் வார் வைத்தது. இன்னொன்று, அடிக்கடி சொல்லப்படுகிற இந்த "வளர்ந்தா சரியாப் போயிடும்" தான் எனக்கு வயிற்றெரிச்சல். ஏழெட்டு வயசுக்கு மேல் மூளை பிடிவாதம் பிடிக்கும், அதுவரை அது சொன்னபடி கேட்கும். பிறவிப் புரைக்கு இன்னும் அவசரம், ஒரு கண்ணில் மட்டும் என்றால் ஆறு வாரம் ஒட்டியே ஆபரேஷன் செய்யப் பார்ப்பார்கள், மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் புரையை எடுத்த பிறகும் பார்வை வராது.

அக்கா பையன் கிரிக்கெட் ஆடட்டும், சந்தோஷம். அவனையும் ஒரு நாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஸ்கோர்போர்டு படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

கோத்தகிரி_அம்மா:

போய்விட்டு வந்தோம். வீட்டுக்காரரே வண்டியை இன்னொருத்தரிடம் கொடுத்துவிட்டுக் கூட வந்தார். இறங்கும்போது வழக்கம்போல மூத்தவன் வாந்தி.

பாப்பாவுக்கு மாறுகண் இல்லை. தோல் மடிப்புதானாம், பவரும் வயசுக்கு ஏற்ற அளவில்தான் இருக்கிறதாம், ஒரு வயசு தாண்டி ஒரு முறை கொண்டுவரச் சொன்னார்கள். நான் அப்பாடா என்று பையை எடுத்தேன், அதற்குள் மூத்தவனைக் கூப்பிட்டார்கள். ஒரு கண்ணை மூடியதும் படம் படமாகச் சொன்னான், மற்றதை மூடியதும் "தெரியல, ஆட்டாத" என்று டாக்டரின் கையைத் தள்ளுகிறான். மருந்து விட்டுப் பார்த்ததில் இடது கண்ணில் பவர் ஒன்று, வலது கண்ணில் நாலரை, ரெண்டும் ப்ளஸ். அப்பாவுக்கும் அதே வலது கண். வீட்டுக்காரர் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள், முழு நேரமும் போட வேண்டுமாம், கொஞ்ச வாரம் கழித்துப் பார்த்துவிட்டு ஒரு கண்ணை மூடி பேட்ச் ஒட்டுவதா என்று சொல்வார்களாம். இப்போது கேள்விகள். பையன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கழற்றி எறிகிறான். வெளியே பனியிலிருந்து அடுப்படிக்குள் வந்தால் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடுகிறது, அதற்கும் கத்துகிறான். அப்புறம் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கச் சொன்னார், அவருக்கும் பேட்ச் ஒட்டினால் அந்தக் கண் தெளியுமா?

கூடலூர்_லென்ஸ்:

மூன்றரை வயசில் பிடித்தது நல்ல நேரம். நிறைய பேர் முதல் வகுப்பு, ரெண்டாம் வகுப்பில் போர்டு தெரியவில்லை என்று வருவார்கள், அதுவும் ஒரு கண் நன்றாக இருந்தால் அந்தப் புகார்கூட வராது.

கழற்றி எறிவது முதல் ரெண்டு வாரம் எல்லோரும் செய்வது. சாப்பாடு, கார்ட்டூன், வண்டி விளையாட்டு என்று அவனுக்குப் பிடித்த நேரத்தில் மாட்டிவிடுங்கள், கழற்றினால் சத்தம் போடாமல் திரும்ப மாட்டுங்கள். பிரேம் மூக்கில் வழிந்தால் அவன் கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்ப்பான், அப்படியென்றால் போட்டும் பிரயோஜனமில்லை, பின்னால் ரப்பர் வார் கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி வில்லை வேண்டாம், பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கேளுங்கள், விழுந்தாலும் சிதறாது. பூப்பதற்கு நம் ஊரில் மருந்து கிடையாது, அடுப்படி வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தி வையுங்கள், தானாகத் தெளியும். அதற்காகக் கழற்றிவிடாதீர்கள், கழற்றியது திரும்ப ஏறாது.

பேட்ச் சொன்னால், மங்கல் கண் வேலை செய்யட்டும் என்று அது நல்ல கண்ணில், அதாவது இடது கண்ணில், தோலிலேயே ஒட்ட வேண்டும், கண்ணாடி அதற்கு மேல். மங்கல் கண்ணைத்தான் மூட வேண்டும் என்று நினைத்து மாற்றி ஒட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. சாதாரணமாக ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்தில் ஆரம்பிப்போம், மங்கல் அதிகம் என்றால் ஆறு மணி நேரம் வரை போகும், அதை அங்கே சொல்வார்கள், நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஒட்டவே விடாத பிள்ளைகளுக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து விட்டு அதைக் கொஞ்சம் மங்க வைக்கிற வழியும் இருக்கிறது.

அண்ணனுக்கு: இந்த வயசில் பேட்ச் ஒட்டிப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. அவருக்கு வேறு ஒன்று முக்கியம். இருப்பது ஒரு நல்ல கண், லோடு கட்டும்போது கயிறு கொக்கி தெறிக்கும், தார்ப்பாய் நுனி அடிக்கும். பவர் தேவையோ இல்லையோ, அவரும் ஒரு பாலிகார்பனேட் கண்ணாடி வாங்கி வேலை நேரத்தில் போட்டுக்கொள்ளட்டும். அப்பா போட்டிருந்தால் பையனும் கழற்ற மாட்டான்.